சுவரைத் தட்டிப் பார்த்தவர்

ஹில்ஸ்பரோ என்ற புறநகரில் நாங்கள் வாங்க இருந்த வீட்டைப் பரிசோதிக்க வந்த சீனக்காரர் அவர். ஒல்லியான ஆள், காற்சட்டை முழங்காலில் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு சுவரையும் விரல் மூட்டால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். பிறகுதான் ஈரம் அளக்கும் மீற்றரை எடுப்பார்.

எங்களுக்கோ அது முடிந்த காரியம். கிழக்குப் பார்த்த வாசல். எங்கள் உறவுக்காரர் எல்லாரும் வந்து பார்த்துத் தலையாட்டியாச்சு. வீட்டை விற்கும் ஏலத்துக்கு முன்னமே என் மனைவி பால் காய்ச்ச நாளும் குறித்துவிட்டாள்.

"வாங்க வேண்டாம். சுவருக்குள்ளே மரம் ஈரத்தில் உக்கிப்போச்சு" என்றார் அவர்.

எனக்குக் கோபம் வந்தது. "பதினெட்டுப் பேர் நல்ல வீடு என்கிறார்கள். நீங்கள் ஓராள்தானே?"

அவர் அறிக்கையின் பின்பக்கத்தில் நாலு சீன எழுத்து எழுதினார். நல்ல யோசனையைத் தண்ணீர் ஓடுவதுபோலத் தயங்காமல் ஏற்பது என்று அர்த்தமாம்.

"பழைய காலத்துத் தளபதி ஒருவர். படையில் அநேகம் பேர் சண்டை பிடிப்போம் என்றார்கள், மூன்று பேர் மட்டும் திரும்புவோம் என்றார்கள். அவர் அந்த மூன்று பேரின் சொல்லைக் கேட்டார். அவரைப் புகழ்ந்து வந்தது இது."

"நீங்கள் அப்படிக் கேட்பீர்களா?"

"எங்கள் வீட்டை வாங்க வேண்டாம் என்று என் மனைவி ஒருத்திதான் சொன்னாள். நான் வாங்கினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறோம். அதற்குப் பிறகுதான் இந்த வேலையைப் படித்தேன்."

ஏலத்துக்குப் போவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். என் மனைவி நாலு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, நான் அசையவில்லை.

வேலை முடிந்து பின்னேரம் வீடு திரும்பியதும் அந்தச் சீனக்காரர் தன் சுவரையும் தட்டிப் பார்ப்பாரா? அதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.