பச்சையம்மாள் அக்கா போடாத குழாய்

செலண்டார் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்களோடு முன்பு லோரி ஓட்டிய முனியாண்டி வந்து தோளைத் தொட்டார். "பச்சையம்மா அக்கா தவறிட்டாங்க லா. முந்தாநேத்தே எடுத்தாச்சு. உனக்கு யாரும் சொல்லலையா?"

சொல்லவில்லை. எங்களில் பலருக்கும் யாரும் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கணவர் இறந்தபின் ரெம்பியாவில் சாலை, குழாய் போடும் அவருடைய சிறு குத்தகைத் தொழிலை அக்காவே நடத்தினார். அக்காவின் தம்பி செல்வம் கூட்டாளி, நான் மேற்பார்வையாளன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு தோட்டத்துக்குக் குடிநீர்க் குழாய் போடும் வேலை கிடைப்பதாக இருந்தது. இடைத்தரகர் ஒருவர் வந்து கோப்பிக் காசு என்று லஞ்சம் கேட்டார். கொடுத்துவிடலாம் என்றான் செல்வம்.

"குடுத்தத நான் எங்கடா எடுப்பேன்? குழாயிலதான் எடுக்கணும். மெல்லிசா போட்டுட்டு அந்த சனங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றார் அக்கா.

வேலை வேறொரு குத்தகையாளருக்குப் போனது. அதன்பின் எந்த வேலையும் எங்களுக்கு வரவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். செல்வமும் அந்தக் குத்தகையாளரிடமே சேர்ந்துகொண்டான். அந்தப் பொங்கலுக்கு அக்கா பெரிய பானையில் பொங்கியிருந்தார். சாப்பிட அக்காவும் நானும் மட்டுமே. "பழக்கதோசம், தம்பி. கொறைச்சு வைக்கத் தெரியல" என்றார்.

அந்தக் குத்தகையாளர் போட்ட குழாயில் தண்ணீர் வந்த தைரியத்தில் தோட்டத்துப் பெண்கள் காய்கறி போட்டு டவுனில் விற்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டாம் ஆண்டே குழாய் இடத்துக்கு இடம் வெடித்தது. பாத்திகள் காய்ந்தன. இளம் குடும்பங்கள் ஜொகூர் தொழிற்சாலைகளுக்குப் புறப்பட்டன. பழுதுபார்க்கச் சொல்லிச் செல்வம் மன்றாடியும் அவன் முதலாளி ஆள் அனுப்பவில்லை.

ஒரு மாலை அவன் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். "பள்ளிக்கூடம் வரைக்குமாச்சும், அக்கா..." அக்கா அவனை உள்ளே அழைத்தார். "சாப்டியா?" என்றார். கிடங்கில் மிஞ்சிய குழாய்களை ஏற்றிக்கொண்டு மூவரும் போனோம். பள்ளிக்கூடம் வரை மாற்றினோம். மேட்டு லய வீடுகளுக்குக் குழாய் போதவில்லை. அங்கே பாதி வீடுகள் அதற்குள் பூட்டிக் கிடந்தன. "முன்னாடியே ஒழுங்கா போட்டிருந்தா இவங்க எங்க போயிருக்கப் போறாங்க?" என்று அந்தக் கதவுகளைப் பார்த்தபடி அக்கா கேட்டார்.

பிள்ளைகளின் படிப்புக்காகச் செல்வம் அந்தக் குத்தகையாளரிடமே திரும்பினான். அக்கா தொழிலை மூடினார். பார்க்க வருவோரும் குறைந்துபோனார்கள்.

புதிதாகப் போட்ட சாலையைக் கண்டால் அக்கா லோரியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, அதன் ஓரத்தைக் காலால் அழுத்திப் பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. நேற்று டுரியான் துங்கால் போகும் வழியில் ஒரு புதுச் சாலையில் இறங்கி அழுத்தினேன், ஓரம் உதிர்ந்தது. அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.