ஊசியை நம்பாத ராசமலர்

சல்லிக் கடற்கரையில் ராசமலரை ஏமாற்றி மீன் விற்றவர் எவருமில்லை. வாங்கிய மீனை வெட்டிக் கருவாடு போட்டு விற்பவள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு சூடைமீன்கூட வாங்கமாட்டாள். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள்.

மார்புப் புற்றுநோய்க்கு இடப்பக்கத்தை வெட்டியெடுத்து இரண்டு வருடம். நோய் திரும்பாமலிருக்கத் தினமும் ஒரு குளிசை விழுங்கச் சொல்லியிருந்தார்கள். அந்தக் குளிசையால் விரல் மூட்டுகள் இறுகி நொந்தன. கத்தியைப் பிடிக்க முடியவில்லை. ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் குளிசையை நிறுத்திவிட்டாள். நோவு உடனே விடவில்லை; நோய் வந்துவிடுமோ என்ற பயமும் நிற்கவில்லை.

அந்த நேரம்தான் சுகாதார நிலையத்தில் செவ்வாய்தோறும் இப்படியான நோவுக்கு அக்குபங்சர் ஊசி குத்துகிறார்கள், இலவசம் என்று கேள்விப்பட்டாள். இலவசம் என்றதுமே எங்கேயோ இடித்தது. யாரோ எங்களை வைத்து ஊசி குத்திப் பழகப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள்.

கிண்ணியாவிலிருந்து வந்த டொக்டர் ஜெஸீமாவை மேலும் கீழும் பார்த்தாள். "ஊசிப் பைக்கட்டை என்ட கண்ணுக்கு முன்னால உடையுங்கோ."

"சரி அக்கா. வெட்டின பக்கத்துக் கையில குத்தமாட்டன், பயப்படாதீங்க. குளிசை போடுறீங்கதானே?"

"ஓம்." பொய் வாய் கூசாமல் வந்தது.

உள்ளே போன ஊசிகளை எண்ணினாள். வெளியே வந்ததையும் எண்ணினாள். கணக்குச் சரி. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நாலாம் செவ்வாய் விரல்கள் நன்றாக மடங்கின. ஜெஸீமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் அதே நோயோடும் அதே குளிசையோடும் அவதிப்பட்ட கோணேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "எனக்கும் இப்பிடிச் சுகம் வருமோ அக்கா?"

ஊசியை நம்பி இவள் ஏமாறப்போகிறாள் என்று ராசமலருக்குப் பட்டது. ஊர் முழுக்கக் கள்ளம் தேடியவள், இந்த அறையில் கள்ளம் தன்னிடம்தான் இருக்கிறது என்று வெட்கப்பட்டாள்.

"டொக்டர், நான் குளிசையை நிப்பாட்டி ரெண்டு மாசம்."

ஜெஸீமா ஏசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "அப்ப நோவு குறைஞ்சது ஊசியாலயா, குளிசையை விட்டதாலயா எண்டு எனக்கும் தெரியா அக்கா. குளிசை தந்த பெரிய டொக்டரோட கதைச்சுத் திரும்பத் தொடங்குங்க. நோவு வந்தா அப்ப ஊசி குத்திப் பார்ப்பம்."

"ஊசிக்கு நோவு கேக்காட்டி?"

"கேக்கேல்ல எண்டு இந்த அக்காவுக்கும் சொல்லுவம்." ஜெஸீமா கோணேஸ்வரியைக் காட்டினாள்.

ராசமலர் ஜெஸீமாவை மீனின் செவுளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இவள் எதையும் விற்க வந்தவளாகத் தெரியவில்லை.

அந்தக் கிழமைக்குள்ளேயே பெரிய டொக்டரோடு கதைத்துக் குளிசையைத் திரும்ப விழுங்கத் தொடங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஊசியைச் சோதித்துப் பார்க்க விரல்கள் எப்போது நோகும் என்று காத்திருந்தாள்.