பதில் வராத கூவல்

தவமலருக்கு யாரும் படம் காட்டிப் பறவைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ரிங்லெட் என்ற மலையூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்தவள். பனி இறங்கினால் அங்கே ஒருத்தி கூவுவாள், அடுத்த வரிசையிலிருந்து பதில் வரவேண்டும். வராவிட்டால் கூடையை இறக்கிவிட்டு எல்லோரும் தேடப் போவார்கள். அப்படி வளர்ந்த காது. காட்டில் எந்தக் குருவி கத்தினாலும் பெயர் சொல்லிவிடுவாள். முட்டி தேய்ந்து மலை ஏற முடியாமல் போனபோது, அந்தக் காதுக்காகத்தான் குகனேஸ்வரன் தன் விடுதியில், பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி வேலை கொடுத்தான். அதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

ஒரு காலை விடுதித் தோட்டத்தில் வெள்ளைத் தலையும் கறுப்பு உடம்புமாக ஒரு பறவை புழு தின்றுகொண்டிருந்தது. பாதிச் சிரிப்பாகக் கத்தும், நிறுத்தும், காத்திருக்கும். வால் நுனி கூண்டுக் கம்பியில் உரசித் தேய்ந்திருந்தது. சுமத்ரா தீவின் மலைக்காட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத ஜாதி, கூட்டமாகவே சிரிக்கிற ஜாதி. கூண்டுப் பறவை விற்கிறவனிடம் வாங்கி, புழு வைத்துப் பழக்கி, அவிழ்த்துவிட்டிருக்கிறான் அந்த மகராசன் குகனேஸ்வரன்! மறுநாள் படம் பிடிக்க வருகிற பன்னிரண்டு பேரிடம், இது நம் காட்டுப் பறவை என்று அவள் வாயால் சொல்ல வேண்டுமாம்.

முடியாது என்றாள். வேலை போய்விடும் என்று மிரட்டினான், பிறகு குழைந்தான்.

“ஒரு பொய்தானேக்கா, சொல்லுங்க லா. நம்ம தாத்தாவும் கப்பல்ல வந்தவருதானே, பொழைக்கலையா?”

“கூட்டத்தோட வந்தாரு தம்பி. கூப்பிட்டா பதில் சொல்ல ஆளு இருந்துச்சு. இதுக்கு யாரு இருக்கா?”

மறுநாள் பன்னிரண்டு பேரும் கேமராவைத் தூக்கியபோது அவர்கள் முன்னால் போய் நின்றாள். இது சுமத்ராப் பறவை, கூண்டிலிருந்து வந்தது, வாலைப் பாருங்கள் என்று மலாயில் சொன்னாள். வனவிலங்கு இலாகாவுக்குக் காலையிலேயே போன் போட்டுவிட்டதையும் சொன்னாள். கேமராக்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

குகனேஸ்வரன் கழுத்து அட்டையைக் கழற்றச் சொன்னான். கழற்றி மேசைமேல் வைத்தாள். இலாகா வருவதற்குள் பறவையை ஒளித்துவிட, தோட்டக்காரன் மகேனை வலை கொண்டுவரச் சொன்னான். அவள் நாற்காலியை இழுத்து, பறவை இருந்த கிளைக்குக் கீழே போட்டு உட்கார்ந்துவிட்டாள். மகேன் வலையோடு தயங்கி நின்றான்.

“வேலைதான் போச்சே. இன்னும் என்னக்கா இங்க?” என்றான் குகனேஸ்வரன்.

மேலே பறவை பாதி சிரித்து நிறுத்தியது.

“கூப்பிடுது பாரு. பதில் வராத ஆளை நாங்க மலையில விட்டுட்டு வந்ததில்ல.”

இலாகா வண்டி வர மதியம் ஆனது. அதுவரை அவள் எழுந்திருக்கவில்லை.