பதினேழாம் எண் நெல்

என் மனைவி ரோஹிணிக்கு இலை என்றால் ஆராய்ச்சி. எனக்கு இலை என்றால் சாப்பாடு. முப்பத்திரண்டு வருஷமாக லேக் கார்டன்ஸில் இந்த இரண்டு கட்சியும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன. நான் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவள் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நெற்பயிர் விஞ்ஞானி. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

அவள் வேலையை எனக்குப் புரிகிற மாதிரி ஒருமுறை சொன்னாள். இலை வெயிலை வைத்துச் சமைக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் அடுப்பு அணைந்துவிடும். வெளியே பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே சமையல் நின்றிருக்கும். இலையை இருபது நிமிஷம் இருட்டில் மூடி வைத்து, சட்டென்று வெளிச்சம் அடித்தால், அவளுடைய கருவி உள்விவகாரத்தைச் சொல்லிவிடும். "மனுஷா பொய் சொல்லுவா, இலை சொல்லாது" என்பாள். யாரை மனதில் வைத்துச் சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

வறட்சி தாங்கும் நெல்லைத் தேடிப் பல வருஷம் உழைத்தாள். ஒவ்வொரு நெல் ரகத்துக்கும் ஓர் எண் கொடுத்துத் தொட்டிகளில் வளர்ப்பாள்; மழை ஓய்ந்ததும் தண்ணீரை நிறுத்துவாள். துர்கா பூஜைக்கு நிலையம் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கும். காவல்காரர் நிமாய் அண்ணா, அவர்கள் பேச்சில் நிமாய்தா, மட்டும் இருப்பார். திரும்பிப் போய்ப் பார்த்தால் எல்லா நெல்லும் சுருண்டிருக்கும், பதினேழாம் எண்ணைத் தவிர. தொடர்ந்து மூன்று வருஷம் அப்படித்தான். எடை போட்டால் அந்தத் தொட்டிகளில் ஈரமும் மிச்சமிருந்தது. "இது தண்ணியைச் சிக்கனமா செலவழிக்கறது" என்று பூரித்துப் போனாள். கட்டுரையை ஒரு பெரிய பத்திரிகை ஏற்றுக்கொண்டது. புருலியாவின் வறண்ட வயல்களில் அந்த விதையை விதைக்கவும் பேச்சு நடந்தது.

சென்ற ஜனவரியில் நிமாய்தா ஓய்வு பெற்றார். அவளை அக்கா என்ற முறையில் 'திதி' என்றுதான் கூப்பிடுவார். விடைபெற வந்தவர் வங்காள மொழியில் சொன்னாராம்: "திதி, பூஜை நாளில் எதுவும் தாகத்தோடு இருக்கக் கூடாது. எல்லாத்துக்கும் ஊத்தினா நீங்க திட்டுவீங்க. அதனால தினமும் தடவிக் கொடுப்பீங்களே, அந்தப் பதினேழுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு டம்ளர் ஊத்திட்டு வந்தேன்."

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் இதைச் சொன்னாள்.

"நீ அவர்கிட்ட என்ன சொன்னே?"

"ரொம்ப சந்தோஷம் தாதான்னேன். பாவம், சந்தேஷ் ஸ்வீட் வேற வாங்கிண்டு வந்திருந்தார்."

"அவர்தான் ரிடையர் ஆயாச்சே, யாருக்குத் தெரியப் போறது?" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "இலை பொய் சொல்லலை. தண்ணி குடிச்சேன்னுதான் மூணு வருஷமா சொல்லிண்டிருக்கு. நான்தான் காதுல வாங்கிக்கலை. புருலியாவில யார் டம்ளரைத் தூக்கிண்டு வருவா?"

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். பத்திரிகை காரணம் கேட்டதற்கு, தன் கவனக்குறைவு என்று எழுதினாள். நிமாய்தாவின் பெயரை எங்கேயும் சொல்லவில்லை.

இந்தப் பூஜைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு, ஐந்து நாளும் தானே போய்ச் செடிகளோடு உட்கார்ந்தாள். அஷ்டமியன்று தயிர்சாதம் எடுத்துக்கொண்டு போனேன். வெளியே பந்தலில் தாக் மேளம் காதைப் பிளந்தது. பதினேழின் இலைகள் மற்றவற்றைப் போலவே சுருண்டு கிடந்தன. 'வறட்சியைத் தாங்கவில்லை' என்று நோட்டில் எழுதியாகிவிட்டது. அவள் மடியில் தண்ணீர் பாட்டில், மூடி திறந்தபடி இருந்தது.

"குடிக்கவா திறந்தே?" என்றேன்.

தலையாட்டி மறுத்தாள். "நிமாய்தா மேல மனசுக்குள்ள ஒரு கோபம் இருந்துது. இப்ப இல்லை."

மூடியை இறுகத் திருகி பாட்டிலை என் கையில் கொடுத்தாள்.

"இதை ஆத்துக்கு எடுத்துண்டு போயிடுங்கோ. இங்க இருந்தா ஊத்திடுவேன்."