வாள் பிடித்த சிங்கமும் மாவடிப்பள்ளி யானையும்

சண்டை தொடங்கியது எங்கள் கந்தோரில், சுதந்திர தினத்துக்கு முதல் நாள், மத்தியானச் சோற்றுப் பார்சலுக்கு முன்னால். வாள் பிடித்த சிங்கம் எந்தக் காட்டிலும் இல்லை, அந்தக் கற்பனை மிருகம் இலங்கைக் கொடிக்குப் பொருத்தமா என்று கேட்டேன். "ஸ்கொத்லாந்துக்கு ஒற்றைக்கொம்புக் குதிரை இருக்கலாம், எங்களுக்கு இது கூடாதோ?" என்றார் பக்கத்து மேசைக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்முன்னே யானை இருக்க இல்லாததை ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்? யானைப் போட்டோவோடு வந்து வாயை அடைக்கிறேன் என்று சவால் விட்டேன்.

மறுநாள் விடுமுறை. மட்டக்களப்பிலிருந்து கல்முனை ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர், பகல் 1.30 பஸ், 220 ரூபா, ஒன்றேகால் மணித்தியாலம். அங்கிருந்து மாவடிப்பள்ளி வயலுக்கு ஓட்டோ, காத்து நின்று திருப்பிக் கொண்டுவர 2,500. ஓட்டோக்காரர் நௌபர் ஐந்து சதம் குறைக்கவில்லை. முன்கண்ணாடியில் சிங்கக்கொடி வழி நெடுகப் படபடத்தது.

தன் மச்சான் ஹனீபா காக்காவின் வயலுக்கு அழைத்துப் போனார். சுற்றிவர அறுவடை முடிந்துவிட்டது. காக்காவின் மூன்று ஏக்கர் மட்டும் முற்றி நின்றது. வெட்டும் மெசின் மறுநாள் காலையில்தான் வருமாம். காக்காவின் கையில் யானை விரட்டும் வெடி ஒரேயொன்று. மிச்சமெல்லாம் முந்தின நாளே முடிந்துவிட்டதாம்.

என் வழக்கை அவரிடமும் வைத்தேன். "கொடியில சிங்கமே இரிக்கட்டும் தங்கச்சி. அது வயலுக்க இறங்காது," என்றார்.

"வாளும் வெச்சிரிக்கே மச்சான், வெட்டுக்குக் கூப்பிடுவமா?" என்றார் நௌபர்.

5.40க்கு யானைகள் வந்தன. பதினேழு வரை எண்ணினேன், பிறகு முடியவில்லை. அவ்வளவு பெரிய உடம்புகள், ஒரு சத்தமில்லை! கமெரா கழுத்தில் சும்மா தொங்கியது. "அம்மாடி, என்ன வடிவு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வயல்காரர் பக்கத்தில் நிற்பது பிறகுதான் உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது.

முன்னால் வந்த பெண் யானை காக்காவின் வரம்பில் ஏறியது. அவர் லைட்டரைத் தட்டினார். அந்த நேரம் அதன் பின்னால் ஒரு குட்டி வரம்பில் ஏறப் பார்த்து வழுக்கியது. தாய் திரும்பி, தும்பிக்கையால் அணைத்து மேலே ஏற்றியது. அப்போதுதான் கமெராவைத் தூக்கி ஒரு போட்டோ எடுத்தேன். காக்காவின் கை அப்படியே நின்றது.

"மாஷா அல்லாஹ்," என்றார் மெதுவாக.

குட்டி ஏறி முடிந்த பிறகே திரியைக் கொளுத்தினார். வெடித்ததும் கூட்டம் விலகியது. ஆனால் அதற்குள் அரை ஏக்கர் மிதிபட்டுவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: வயல்காரரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள். ஐந்து மணிக்கு முன் போங்கள், ஓட்டோவை வீதிப்பக்கம் திருப்பி நிறுத்தச் சொல்லுங்கள். எட்ட நின்று பாருங்கள். வெட்டாத வயலில் நின்று வடிவு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மறுநாள், போட்டோ இருந்தும் கந்தோரில் நான் தோற்றுப்போனேன். சிங்கமே இருக்கட்டும், அது யாருடைய நெல்லையும் மிதிக்காது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நௌபரின் அழைப்பு வந்தது.

"மெசின் வந்து மிச்சத்த வெட்டியாச்சி. காக்கா ஒண்டு கேக்கச் சொன்னாரு. அந்தக் குட்டிய போட்டோ எடுத்தீங்களாம், அனுப்புவீங்களா?"