ஆளில்லாத வீட்டில் நான்

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டில் ஆளில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த நேரம் நான் வீட்டுக்குள்தான் இருந்தேன்… குளிர் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு.

விஷயம் இதுதான். சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில் நான் இருக்கும் கட்டடத்துக்கு, எரிசக்தியை மிச்சம் பிடிக்கவென்று இந்தக் குளிர்காலம் ஒரு புது ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் சின்னச் சின்ன சென்சார்கள். அவை சொல்வதை வைத்து, எந்த வீட்டுக்கு எவ்வளவு சூடு தேவை என்று ஒரு கம்ப்யூட்டர் மாடல் கணிக்கும். ஆளில்லாத வீடு என்று பட்டால் ஹைசுங்கை, அதுதான் ஹீட்டரை, குறைத்துவிடும். நல்ல திட்டம்தான் — அந்த வீடு உங்களுடையதாக இல்லாத வரைக்கும்.

வேலையால் வந்து கதவைத் திறந்தால் வீடு ஐஸ் பெட்டி. பல்லுக் கிடுகிடுக்க போனில் கட்டடத்தின் ஆப்பைத் திறந்து பார்த்தேன். என் வீட்டு இலக்கத்துக்கு நேரே 'ஆளில்லை'. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கோபம் தெரியும். கட்டட நிர்வாகத்துக்கு போன் போட்டு, எனக்குத் தெரிந்த ஜேர்மன் முழுவதையும் கொட்டித் தீர்த்தேன்.

மறுநாள் பின்னேரம் ஒரு பெண் வந்தாள். நிவேதா. இங்கே பாடனில் பிறந்து வளர்ந்தவள், பெற்றோர் யாழ்ப்பாணம். அந்த மாடலைச் செய்த குழுவில் அவளும் ஒருத்தி. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு டாப்லெட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"அன்ரி, இது சும்மா முடிவைச் சொல்லிப்போட்டுப் போற மாடல் இல்லை. ஏன் அப்பிடிச் சொன்னது எண்டும் காட்டும். பாருங்கோ."

பார்த்தேன். மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு காரணம். கோடு நீளமென்றால் காரணம் பெரிதாம்.

"சுடுதண்ணி பாவிக்கிறது குறைவு," என்றாள்.

"ஆஸ்பத்திரிக் கிச்சனிலை வேலை, பிள்ளை. ஷிஃப்ட் முடிய அங்கையே குளிச்சிட்டுத்தான் வாறது."

"ஒரு அறையிலைதான் ஹைசுங் போட்டிருக்கிறீங்கள்."

"ஒராளுக்கு எத்தினை அறை?"

"சனி ஞாயிறும் ஒரு மாற்றமும் இல்லை. ஆக்கள் வந்து போறேல்லையோ?"

மகன் லண்டனில். கணவர் இறந்த பிறகு, வந்து போனவர்களும் மெல்ல மெல்லக் குறைந்துபோனார்கள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

எல்லாவற்றிலும் நீளமான கோடு குசினி ஜன்னல், சமையலறை ஜன்னல். குளிர் தொடங்கியதிலிருந்து அது ஒரு நாளும் திறபடவில்லை.

"தமிழ் வீடுகளை அதிலைதான் பிடிக்கலாம், அன்ரி," என்று சிரித்தாள். "வெளியிலை மைனஸ் எண்டாலும், வெங்காயம் வதக்கத் தொடங்கினால் ஜன்னல் திறபடும். மாடிப்படியிலை மணக்கக் கூடாது, ஜாக்கெட்டிலை மணக்கக் கூடாது. முதல்லை எங்கடை மாடல் அதை ஜன்னல் பழுது எண்டு நினைச்சுப்போட்டுது. பழுதில்லை, கறி எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

நானும் சிரித்தேன். பிறகு அவள் கேட்டாள்: "நீங்கள் சமைக்கிறேல்லையோ?"

வேலையில் சாப்பிடுகிறேன் என்றேன். லீவு நாட்களில் பாணும் தேநீரும்தான் என்பதை விழுங்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது. காரணம் சொல்லாத மெஷின் என்றால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். இது என் தனிமையைக் காரணம் காரணமாக அடுக்கி வைத்திருக்கிறது… ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

"ஆள் இருக்கு எண்டு கையாலை மாத்தி விடுறன், அன்ரி," என்று எழும்பினாள்.

"நில்லு பிள்ளை. சாப்பிட்டிட்டுப் போ."

ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கே தெரியாது. வெங்காயம் வெட்டினேன். சட்டி சூடாக, கை தன்பாட்டில் போய் ஜன்னலைத் திறந்தது. வெளியே பனி. நிவேதா ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கதைத்துக்கொண்டே இருந்தாள். அவள் அம்மாவும் இப்படித்தானாம். எவ்வளவு குளிரென்றாலும் சமைத்து முடியும் வரை ஜன்னலைப் பூட்ட விடமாட்டாவாம். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டோம். ரயிலுக்கு நேரமாகிறது என்று அவள் போன பிறகு, வீடு முன்னைவிட அமைதியாகத் தெரிந்தது. கொஞ்சம் அழுதேன்.

ஆனாலும் மறுநாளும் சமைத்தேன். அதற்கடுத்த நாளும். ஒருவருக்கு அளவாகச் சமைக்க எனக்கு வராது. கை பழைய அளவில்தான் அரிசி போடும்.

நேற்று போனைத் திறந்து பார்த்தேன். வீடு சூடாகத்தான் இருக்கிறது. என் இலக்கத்துக்கு நேரே, 'ஆள் உண்டு. அநேகமாக இருவர்.' காரணமும் போட்டிருந்தது — குசினியில் நெடுநேரம் நீராவி, மாலையில் திறக்கும் ஜன்னல்.

கீழே, 'தவறென்றால் தெரிவிக்கவும்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை.