அலறாத சைரன்

மூன்று வருடம் முன்பு, ராயபுரத்தில் ஒரு ஐஸ் பேக்டரியில் நடந்தது. நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன். எலக்ட்ரிக் வேலைக்குப் போய்க்கொண்டே, மொபைலில் வீடியோ பார்த்து ‘சி’ மொழியில் புரோகிராம் எழுதப் பழகினேன். சுபாவத்திலேயே பயந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.

ஐஸ் உறைவதற்காக அங்கே பைப்பில் அமோனியா ஓடும். அது கசிந்தால் சைரன் அடிக்க வேண்டும். சென்சார் அனுப்பும் அளவைப் படித்து சைரனை அடிக்க வைக்கும் புரோகிராமை நான்தான் எழுதினேன். அதை கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர், ஒவ்வொரு முறையும் ஒரு வார்னிங் காட்டியது. எழுத்தாக வரும் அளவை தசம எண்ணாக மாற்ற நான் கூப்பிட்ட ஃபங்ஷன் என்னும் குட்டி புரோகிராம் தனக்குத் தெரியாதாம். ஆனாலும் புரோகிராம் ஓடியது. யாரையாவது கேட்டால் படிக்காதவன் என்று தெரிந்துவிடுமே என்று விட்டுவிட்டேன்.

பொருத்தப் போன அன்று மெஷின் ஆபரேட்டர் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். பைப் மூட்டுகளில் கந்தகத் திரியைக் கொளுத்திக் காட்டி, வெள்ளைப் புகை எழுந்தால் கசிவு என்று தினமும் கண்டுபிடிப்பவர். என் லேப்டாப்பில் வந்த வார்னிங்கைப் பார்த்து அது என்ன என்றார். அது சும்மா வரும், ஓடுது இல்ல என்றேன்.

“சும்மா வர்துக்கு இன்னாத்துக்கு வார்னிங்னு பேரு? உள்ள பன்னண்டு பேரு வேல செய்றாங்க மாமு. எம் முன்னாடி அடிச்சுக் காட்டு.”

அமோனியா தண்ணீரில் நனைத்த துணியை சென்சார் அருகே நீட்டினார். இரண்டு பேருக்கும் கண் எரிந்தது. சைரன் அடிக்கவில்லை.

“எம் மூக்கே தேவல,” என்றார். திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

அங்கேயே உட்கார்ந்து அந்த வார்னிங்கை இணையத்தில் தேடினேன். பழைய பாடம் ஒன்றிலிருந்து நான் காப்பியடித்த கட்டளை, சி மொழியின் பழைய ‘சி89’ விதிப்படி நடக்கும்படி கம்பைலரிடம் சொல்லியிருந்தது. நான் கூப்பிட்ட ஃபங்ஷனோ பத்து வருடம் கழித்து வந்த ‘சி99’ விதியில்தான் சேர்க்கப்பட்டது. தெரியாத ஃபங்ஷன் முழு எண்தான் தரும் என்று கம்பைலர் தானாக வைத்துக்கொண்டதால், அளவுக்குப் பதில் குப்பை வந்திருக்கிறது. 89ஐ 99 ஆக்கினேன். வார்னிங் போனது. மறுபடி துணியை நீட்டியதும் சைரன் போட்ட சத்தத்தில் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். திரி வாங்குவதை மட்டும் நிறுத்த மாட்டாராம்.

இல்லாத ஆபத்துக்கெல்லாம் பூட்டை இழுத்துப் பார்த்தவன், எதிரில் எழுதிக் காட்டிய ஆபத்தைப் பற்றிக் கேட்க வெட்கப்பட்டேன். இன்றும் ஒரு வார்னிங் வந்தால் அந்தத் துணியின் நெடி மூக்கில் ஏறுகிறது, தெரியவில்லை என்று உடனே யாரிடமாவது கேட்டுவிடுகிறேன்.